மஹியங்கனையின் எண்பது முழம்

மகாவம்சத்தின் முதல் அத்தியாயத்திலேயே ஒரு தூபியின் உயரம் அடுத்தடுத்து மாறிவிடுகிறது. ஊவா மாகாணத்தில், மகாவலி கங்கைக்கு அருகே இன்றும் நிற்கும் மஹியங்கனைத் தூபி அது. புத்தரின் கேசத்தை வைத்து சுமன தெய்வம் நீலமணிக் கற்களால் சிறிதாக எழுப்பியது என்கிறது நூல். சாரிபுத்தரின் சீடரான சரபு தேரர் அதன்மேல் கட்டி 12 முழமாக்கினார். தேவநம்பிய தீசனின் சகோதரன் மகன் உத்தசூளாபயன் அதையும் மூடி 30 முழமாக்கினான். கடைசியாக, தமிழரோடு போர் புரிந்துகொண்டு அங்கே தங்கியிருந்த துட்டகைமுனு 80 முழத்துக்கு உயர்த்தினான்.

பக்தர்கள் இதில் அற்புதத்தைப் படிப்பார்கள். ஒரு மேசன் படித்தால் வேறொன்று கண்ணில் படும்: எவரும் எதையும் இடிக்கவில்லை. முன்னவன் கட்டியது அப்படியே உள்ளே இருக்க, பின்னவன் மேலே ஒரு சுற்றுக் கட்டியிருக்கிறான். துட்டகைமுனுவின் வேலைக்குப் பாளி நூல் பயன்படுத்தும் சொல் ‘கஞ்சுக’ என்பது. தமிழ் படித்தவர்களுக்கு அது புதிய சொல்லன்று. கஞ்சுகம் என்றால் சட்டை. தூபிக்குச் சட்டை போட்டான் அரசன்.

உலகில் முதன்முதலாக எழுந்த பிரமிடும் இப்படித்தான் பிறந்தது.

கி.மு. 2650 அளவில் எகிப்தை ஆண்ட ஜோசர், தனக்கு முன்னிருந்த அரசர்களைப் போலவே மஸ்தபா என்ற தட்டைக் கல்லறையில்தான் படுக்க நினைத்தான். சக்காராவில் அவனுக்காகக் கட்டத் தொடங்கியது ஏறத்தாழ 63 மீற்றர் பக்கமுள்ள சதுர மேடை; உயரம் 8 மீற்றர்தான். அதைச் சுற்றி ஒருமுறை அகலமாக்கினார்கள். பிறகு கிழக்குப் பக்கம் இன்னொருமுறை நீட்டினார்கள். அதன் பிறகுதான் யாருக்கோ அந்த எண்ணம் தோன்றியிருக்கிறது: அகலமாக்குவதற்குப் பதிலாக உயரமாக்கினால் என்ன? மேடையை உள்ளே வைத்து நான்கு படிகள் எழுந்தன. அவையும் போதாமல் ஆறு படிகளாயின. முடிவில் நின்றது 60 மீற்றருக்கும் சற்று மேலான கல் மலை. இந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜான் பிலிப் லோயர். 1926இல் சக்காராவுக்கு வந்தவர், 2001இல் இறக்கும்வரை அந்த ஒரே இடத்தோடு வாழ்ந்தார். மேலுறைக் கற்கள் உதிர்ந்துபோன பக்கங்களில் பழைய மஸ்தபாவின் விளிம்பு வெளியே தெரிந்தது. படிப்படியாக வளர்ந்த கதையை அந்த விளிம்புதான் சொன்னது. பிரமிடு முழுமையாக இருந்திருந்தால் அதன் பிறப்பு நமக்குத் தெரிந்திருக்காது.

அந்த எண்ணம் தோன்றிய ‘யாரோ’வுக்குப் பெயரும் உண்டு. சக்காராவில் கிடைத்த ஜோசர் சிலையொன்றின் அடிப்பீடத்தில் அரசன் பெயரோடு இம்ஹோதெப் என்ற அமைச்சரின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அரசனின் பீடத்தில் இன்னொருவன் பெயருக்கு இடம் கிடைப்பது எளிதில் நடப்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் பெயர் இருப்பதை நினைத்துக்கொள்ளலாம். மஹியங்கனைக்கு அப்படியொரு பெயர் இல்லை. மகாவம்சம் அரசர்களையும் தேரர்களையும் தெய்வங்களையும் பெயர் சொல்கிறது. செங்கல் அடுக்கியவனைச் சொல்லவில்லை.

ஜோசருக்கும், கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டிய கூபுவுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுதான். அந்தக் குறுகிய காலத்தில் 60 மீற்றர் எப்படி 146 மீற்றர் ஆனது? இதற்கு விடை தருபவன் புகழில் கூபுவுக்குப் பின்னால் ஒளிந்துவிட்ட அவனுடைய தகப்பன் ஸ்னெபெரு. மூன்று பெரிய பிரமிடுகளில் அவன் கை இருக்கிறது. மூன்றுக்கும் செலவான கல்லைக் கூட்டினால் மகனுடைய பெரிய பிரமிடையே மிஞ்சும். ஆனால் ஸ்னெபெருவின் பெருமை அளவில் இல்லை, பிழைகளில் இருக்கிறது.

மெய்துமில் படிப் பிரமிடாக இருந்ததை வழுவழுப்பான சாய்வுப் பிரமிடாக மாற்றினார்கள். மேல் போர்த்திய கட்டு நிலையாக நிற்கவில்லை. இன்று அங்கே குவிந்த இடிபாடுகளின் நடுவே ஒரு கோபுரத் தண்டு மட்டும் நிற்கிறது. தஹ்ஷூரில் அடுத்ததைச் செங்குத்தாக, 54 பாகைச் சாய்வில் தொடங்கினார்கள். பாதி வழியில் உள்ளறைகளில் விரிசல் கண்டது. அடித்தளம் அத்தனை உறுதியானதன்று. வேறு வழியின்றி மேல் பாதியை 43 பாகைக்குக் குறைத்தார்கள். அதனால் முதுகு வளைந்த கிழவரைப் போல ஒரு பிரமிடு இன்றும் பாலைவனத்தில் நிற்கிறது. மூன்றாவதைத் தொடக்கத்திலிருந்தே 43 பாகையில் கட்டினார்கள். சிவப்புப் பிரமிடு என்று அழைக்கப்படும் அதுதான் சரியாக முடிந்த முதல் நேர்சாய்வுப் பிரமிடு. உயரம் ஏறத்தாழ 105 மீற்றர். தகப்பன் காலத்தில் படித்த பாடத்தோடு மகன் கீசாவில் பாறைத் தளம் பார்த்து உட்கார்ந்தான். அடிப்பக்கம் 440 முழம், உயரம் 280 முழம். எகிப்தியரின் அரச முழம் நம் முழத்தைவிடச் சற்று நீளம், 52 சென்றிமீற்றருக்கு மேல். ஆனாலும் அளவுகோல் ஒன்றுதான்: முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை.

துட்டகைமுனுவுக்கு வருவோம். தமிழ் வாசகருக்கு இந்தப் பெயர் சற்று உறுத்தும். தமிழ் அரசன் எல்லாளனை வென்றவன் என்ற ஒரே அடையாளத்தில் அவனைப் பாடப்புத்தகமும் அரசியல் மேடையும் அடைத்துவிட்டன. மஹியங்கனையில் சத்த என்ற தமிழ்த் தளபதியை வீழ்த்தியதாகவும் மகாவம்சம் சொல்கிறது. ஆக ஊவாவின் அந்த 80 முழமும் போர்க்காலத்துக் கட்டுமானம்தான். ஆனால் அதே மகாவம்சத்தைப் புரட்டினால், போர் அத்தியாயங்களுக்கு நிகராகக் கட்டட வேலை அத்தியாயங்கள் விரிகின்றன. அநுராதபுரத்தில் அவன் எழுப்பிய மகாதூபி, இன்றைய ருவன்வெலிசாய, எப்படிக் கட்டப்பட்டது என்பதற்கு மட்டும் பல அத்தியாயங்கள். கூபுவின் பிரமிடு எப்படிக் கட்டப்பட்டது என்று எகிப்தியர் ஒருவரும் இப்படி விரிவாக எழுதி வைக்கவில்லை.

மகாவம்சத்தைத் தொகுத்த மகாநாம தேரர் வாழ்ந்தது கி.பி. 5ஆம், 6ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி. துட்டகைமுனு ஆண்டது கி.மு. 2ஆம் நூற்றாண்டில். இடையில் 600 ஆண்டுகளுக்கு மேல். எனவே தெய்வங்கள் செங்கல் கொண்டுவந்து குவித்த கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கதைக்குள் மாட்டிக்கொண்ட தொழில் விவரங்கள் தெய்வங்கள் சொன்னவையாகத் தெரியவில்லை. வேலை தெரிந்தவர்கள் சொல்லி, வாய்வழியே வந்து சேர்ந்தவையாகவே தெரிகின்றன.

செங்கல் வேலைத் தலைவர்களை அரசன் கூட்டினானாம். நூறு ஆட்களை வைத்து நாளொன்றுக்கு ஒரு வண்டி மணல் செலவாகும் என்றான் ஒருவன். அரசன் தள்ளிவிட்டான். அடுத்தடுத்து வந்தவர்கள் மணலின் அளவைக் குறைத்துக்கொண்டே போனார்கள். கடைசியாக வந்தவன், மணலை உரலில் இடித்து, சலித்து, ஆட்டுக்கல்லில் அரைத்து ஓர் அம்மண அளவு மட்டும் பயன்படுத்துவேன் என்றான். அவனைத்தான் அரசன் ஏற்றான். காரணத்தையும் நூல் சொல்கிறது: தூபியில் புல் முளைக்கக் கூடாது. ஏலத்தில் குறைந்த தொகை கேட்டவனுக்கு வேலை கொடுத்த கதையாக இதைப் படிப்பது தவறு. சாந்து எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்குச் செங்கல்லோடு செங்கல் நேரே பொருந்தும். பாரத்தைச் செங்கல் தாங்கும், மண் தாங்க வேண்டியதில்லை. பெருந்தூபிகளில் நுண்மண் குழம்பைத்தான் மெல்லிய இணைப்புச் சாந்தாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நூல் அதை ‘வெண்ணெய்க் களிமண்’ என்கிறது. பெயரே செய்முறையைச் சொல்லிவிடுகிறது.

என்ன வடிவத்தில் கட்டுவாய் என்று அரசன் கேட்க, அந்த மேசன் பொற்கிண்ணம் நிறையத் தண்ணீர் வாங்கி, கையால் அள்ளி மேலே அடித்தான். பெரிய குமிழி ஒன்று எழுந்தது. இப்படி, என்றான். மகிழ்ந்த அரசன் ஆயிரம் பொன் பெறும் ஆடையும் 12,000 கஹாபண நாணயமும் கொடுத்தான்.

அடித்தளத்துக்கு உருண்டைக் கற்களைப் போர்வீரர்கள் கொண்டுவந்தார்கள். சம்மட்டியால் அவற்றை உடைத்துப் பரப்பி, கால்களில் தோல் கட்டிய யானைகளை மேலே நடக்கவிட்டார்கள். இன்றைய வீதி வேலையில் உருளை இயந்திரம் செய்வதை அன்று யானை செய்தது. யானையின் பாதம் கல்லில் கிழியாமல் இருக்கத்தான் தோல். இப்படியொரு விவரத்தைக் கற்பனை செய்பவர் அரிது. அதன்மேல் வெண்ணெய்க் களிமண், செங்கல், சாந்து, இரும்பு வலை, செம்புத் தகடு, வெள்ளித் தகடு என்று படலம் படலமாக அடுக்கினார்கள். உலோகத் தகடுகளின் கனத்தில் காவிய மிகை இருக்கலாம். ஆனால் படலங்களின் வரிசை முறை ஓர் அடித்தளப் பொறியாளருக்குச் சிரிப்பை வரவழைக்காது.

மகாதூபிக் கதையில் மிகவும் விசித்திரமான பகுதி ஒன்று உண்டு. தூபியைச் சுற்றி மலர் மேடைகளைக் கட்டி முடித்ததும் அவை தரைமட்டத்துக்குத் தாழ்ந்துபோயின. மறுபடி கட்டினார்கள், மறுபடி தாழ்ந்தன. இப்படி ஒன்பது முறை. கவலைப்பட்ட அரசனிடம், பின்னாளில் தூபி அமிழ்ந்துவிடாமல் இருக்கத் தேரர்கள் தம் சித்தியால் முன்கூட்டியே அமிழ்த்திவிட்டார்கள் என்று சங்கத்தார் விளக்கினார்கள். மேடைகளுக்கு மட்டும் பத்துக் கோடிச் செங்கல் போனதாம். எண்ணை நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஈரமண்ணில் பாரம் ஏற்றினால் தரை தாழும், தாழ்ந்து தீர்ந்த பிறகே மேலே கட்ட வேண்டும் என்பது பொறியியல் உண்மை. தஹ்ஷூரில் ஸ்னெபெருவின் ஆட்கள் விரிசல் கண்டு படித்த பாடத்தை, அநுராதபுரத்தில் யாரோ தரை இறங்குவதைப் பார்த்துப் படித்திருக்கிறார்கள். எகிப்தில் அந்தப் பிழை வளைந்த கல்லாக எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. இலங்கையில் அது ஒரு சித்திக் கதையாகப் பளபளப்பாக்கப்பட்டுவிட்டது.

அரசன் வேலை முடிவதைப் பார்க்கவில்லை. குடையும் வெளிப்பூச்சும் எஞ்சியிருந்தபோது சாகக் கிடந்தான். தம்பி சத்தாதிஸ்ஸன் தீகவாபியிலிருந்து வந்தான். தையற்காரர்களைக் கொண்டு வெள்ளைத் துணியில் பெரிய உறை தைத்துத் தூபிக்குப் போர்த்தினான். ஓவியர்களை விட்டு அதில் கைப்பிடிச் சுவரையும் பூரண கும்பங்களையும் வரையச் செய்தான். மூங்கிலால் குடை பின்னி உச்சியில் வைத்தான். வேலை முடிந்துவிட்டது என்று அண்ணனுக்குக் காட்டினான். பல்லக்கில் வந்த அரசன் அதைப் பார்த்தபடியே உயிர்விட்டான். இதே அண்ணன் தம்பிதான் தகப்பன் இறந்த பிறகு ஒருவரோடு ஒருவர் போரிட்டவர்கள். அந்தப் போரை ஊவாவின் புத்தல பகுதியோடு சேர்த்துச் சொல்வது மரபு. புத்தலைக்கு அருகே யுதகனாவையில், உச்சி தட்டையாக நிற்கும் பெரிய தூபியை அந்தப் போரின் நினைவாகவே மக்கள் காட்டுகிறார்கள். அதைப் பராக்கிரமபாகு காலத்தோடு இணைக்கும் ஆய்வாளர்களும் உண்டு.

பிரமிடையும் தூபியையும் ஒரே தட்டில் வைப்பது சரியா என்று கேட்கலாம். ஒன்று கல், மற்றது செங்கல். ஒன்று அரசனின் பிணத்துக்கு, மற்றது துறவியின் எலும்புக்கு. பிரமிடுக்குள் வழியும் அறையும் உண்டு. தூபியின் உட்பகுதி திண்மை, தாது வைக்கும் அறை மட்டும் மூடப்பட்டிருக்கும். மஹியங்கனைத் தூபியின் தாது அறையில் கி.பி. 11ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இருந்ததே 1951இல் தொல்லியலாளர் பரணவிதான திறந்து பார்த்தபோதுதான் தெரியவந்தது. இத்தனை வேறுபாட்டுக்கும் அடியில் ஒரு பொதுவான சிக்கல் இருக்கிறது. இரும்புச் சட்டகம் இல்லாமல் வானத்தை நோக்கிக் கட்டுவதற்குக் குவியலைத் தவிர வழியில்லை. நெல்லைக் கொட்டினால் அது தானாக ஒரு சாய்வில் நின்றுகொள்ளும். அந்தச் சாய்வை மீறினால் சரியும். இலங்கையின் பழைய சிற்ப நூல்கள் தூபிகளின் ஆறு வடிவங்களைச் சொல்லும்போது குமிழி, மணி, குடம், தாமரை, நெல்லி ஆகியவற்றோடு நெற்குவியலையும் சேர்க்கின்றன. களத்துமேட்டில் பிறந்த பொறியியல்!

அந்தக் குவியல் கலை உச்சம் தொட்டது மகாசேன மன்னன் காலத்தில். கி.பி. 3ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவன் தொடங்கிய ஜேதவனாராமய 122 மீற்றர் உயர்ந்தது. அன்றைய உலகில் அதைவிட உயரமாக நின்றவை கீசாவின் இரண்டு பெரிய பிரமிடுகள் மட்டுமே. அதில் சுமார் 9 கோடியே 30 இலட்சம் செங்கற்கள் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். மகாவம்சத்தின் பத்துக் கோடி அவ்வளவு பெரிய பொய்யன்று போலும்.

இவ்வளவு செங்கல்லையும் யார் சுமந்தார்கள்?

எகிப்தில் ஒரு லட்சம் பேர் மாறி மாறி உழைத்தார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதிப்போனார். சாட்டையடி படும் அடிமைகள் சினிமாவில் வந்து சேர்ந்தார்கள். 1990இல் கீசாவுக்குத் தெற்கே தொழிலாளர் கல்லறைகள் தென்பட்ட பிறகு அந்தப் படம் கலைந்தது. சஹி ஹவாஸ், மார்க் லேனர் ஆகியோரின் அகழ்வில் வேலையாட்களின் குடியிருப்பும் ரொட்டி சுட்ட அடுப்புகளும் மாட்டெலும்புகளும் கிடைத்தன. ஒரே நேரத்தில் வேலை செய்தவர்கள் 20,000 முதல் 30,000 பேர் என்பது இன்றைய கணக்கு. அவர்கள் கூட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பெயர் இருந்தது. ‘கூபுவின் நண்பர்கள்’ என்பது ஒன்று. ‘மென்கௌரேயின் குடிகாரர்கள்’ என்பது இன்னொன்று. கல்லின் மறைவான பக்கங்களில் சிவப்பு மையால் இப்பெயர்களைக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள்.

2013இல் செங்கடல் கரையில் வாடி அல் ஜார்ப் என்ற இடத்தில் பியேர் தாலே குழுவினர் கண்டெடுத்த பப்பிரஸ் சுருள்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. எழுத்து உள்ள பப்பிரஸ்களில் உலகிலேயே பழையவை அவைதான். அவற்றில் ஒன்று மெரர் என்பவரின் நாட்குறிப்பு. சுமார் 40 பேர் கொண்ட குழுவுக்கு அவர் மேலாள். தேயிலைத் தோட்டத்துப் பேச்சில் சொன்னால் கங்காணி. தூராவில் வெட்டிய வெள்ளைச் சுண்ணக் கல்லைப் படகில் ஏற்றி கீசாவுக்குக் கொண்டுபோவது அவர்கள் வேலை. இன்று எங்கே கல் ஏற்றினோம், இரவு எங்கே தங்கினோம், நாளை எங்கே போகிறோம் என்று நாள்தோறும் எழுதியிருக்கிறார். பிரமிடைப் பற்றி ஒரு வியப்புச் சொல்கூட அதில் இல்லை. 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய செக்ரோல், அதாவது வேலைப் பதிவேடு, அது.

செக்ரோல் என்றதும் இன்னொன்று. கீசாப் பிரமிடுகளின் காலம் முடிந்து ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, அரசர்களின் மலைக் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்கள் தெய்ர் எல் மதீனா என்ற ஊரில் வரிசை வீடுகளில் வாழ்ந்தார்கள். இரண்டாம் ராமசேஸின் 40ஆம் ஆட்சியாண்டில் அங்கே எழுதப்பட்ட சுண்ணக்கல் வில்லை ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 40 பேரின் பெயர், ஒவ்வொருவரும் எந்தெந்த நாள் வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை. தேதி கறுப்பு மையில், காரணம் அதற்கு மேலே சிவப்பு மையில். தேள் கடி. கண் நோய். பியர் காய்ச்சப் போனான். தாயின் உடலைச் சுற்றப் போனான். எழுத்தரின் சொந்த வேலைக்குப் போனான். பசறையிலோ மடுல்சீமையிலோ தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் நின்ற அனுபவமுள்ள எவருக்கும் இந்தப் பட்டியலுக்கு விளக்கவுரை தேவைப்படாது. அதே ஊர்த் தொழிலாளர்கள், மூன்றாம் ராமசேஸின் 29ஆம் ஆண்டில் கூலித் தானியம் தாமதமானபோது வேலையை நிறுத்திவிட்டுப் போய்க் கோயில் பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் அது.

துட்டகைமுனுவின் மகாதூபிக்கும் கூலிக் கணக்கு உண்டு. போரால் மக்கள் நொந்திருக்கிறார்கள், வரி விதித்துக் கட்டுவது முறையன்று என்று அரசன் யோசித்ததாக மகாவம்சம் சொல்கிறது. நான்கு வாயிலிலும் வாயிலுக்குப் பதினாறு இலட்சம் கஹாபணமும், துணிமணிகளும், உணவும் வைத்து, கூலி பெறாமல் இங்கே எவரும் வேலை செய்யக் கூடாது என்று ஆணையிட்டானாம். புண்ணியத்தில் பங்கு வேண்டி ஒரு பிக்கு, தான் பிசைந்த மண்ணை இரகசியமாக வேலையாளிடம் கொடுத்து வைக்கச் செய்தார். அதை அறிந்த அரசன் உபாயம் செய்து அவருக்கும் விலை கொடுத்துவிட்டான். கூலி கொடுக்காத உழைப்பு இருந்தால் புண்ணியம் கைமாறிவிடும் என்பது அரசனின் கணக்கு. நியாயமான கணக்குத்தான். ஆனால் இது அரசன் பக்கத்துக் கதை. வாயிலில் பணம் எடுத்தவன் எழுதிய ஏடு எதுவும் நம்மிடம் இல்லை. மகாவம்சத்துக்கும் மெரரின் குறிப்புக்கும் உள்ள வேறுபாடு அதுதான்: ஒன்று தூபியின் பெருமையைச் சொல்கிறது, மற்றது படகில் ஏறியவர்களின் நாளைச் சொல்கிறது.

பிற்காலத்தில் அந்தக் கூலி ஆணையும் மறந்துபோயிற்று. 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகுவின் படை பாண்டிநாட்டில் போரிட்டுப் பிடித்த தமிழர்களை இலங்கைக்கு அனுப்பியது. அநுராதபுரத்தில் இரத்தினமாலித் தூபியை, அதாவது இதே ருவன்வெலிசாயவைப் புதுப்பிக்க அவர்களை அரசன் வேலைக்கு விட்டான் என்று மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் சொல்கிறது. தமிழர் இடித்ததைத் தமிழரே கட்டட்டும் என்பது அதில் தெரியும் தர்க்கம். பொலன்னறுவையிலோ இன்னும் பெரிதாக ஒன்று தொடங்கப்பட்டது. சுற்றளவு 1,300 முழம் என்று சூளவம்சம் தரும் கணக்கு. உலகின் எல்லாத் தூபிகளையும் மிஞ்ச வேண்டிய அது பாதியில் நின்றுவிட்டது. இன்று காடு பிடித்த தட்டை மேடு. கட்டுவித்த அரசனின் பெயர் அதற்கு நிலைக்கவில்லை. சுமந்தவர்களின் பெயர்தான் நிலைத்தது: தெமள மகா சேய. தமிழ்ப் பெருந்தூபி.

இலங்கையின் பெருங்கட்டடங்களில் உழைத்தவர்களின் இனத்தைப் பெயரிலேயே சுமப்பது அநேகமாக அது ஒன்றுதான்.

பழங்கதையை விட்டு மலைக்கு ஏறினால், ஊவாவின் சொந்தப் பிரமிடு தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையே நிற்கிறது. ஒன்பது வளைவுப் பாலம், கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக, உருக்கு இல்லாமல், 1921இல் முடிந்தது. வளைவும் குவியலின் தம்பிதான். பாரத்தை அமுக்கமாக மாற்றிக் கீழே அனுப்பும் அதே உத்தி. 1924இல் ரயில் பதுளையைத் தொட்டது. பாலத்தைப் பற்றிச் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படும் கதைகளில் கற்சுமை தூக்கிய கூலியாட்கள் வருவதில்லை. பாலம் முடிந்த அதே 1921இல்தான், தோட்டத் தொழிலாளரைக் கடனோடு சேர்த்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய ‘துண்டு’ முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தேயிலைக்கு முன்பு கோப்பிக்காகவும், பிறகு தேயிலைக்காகவும் ஹப்புத்தளையிலிருந்து லுணுகலை வரை சரிவுகளில் கான் வெட்டி, கல்கட்டு எழுப்பி, வீதி அமைத்தவர்களின் வேலையைக் கன அடியில் கூட்டிப் பார்த்தால் ஜேதவனாராமயவுக்குக் குறையாது என்று தோன்றுகிறது. அளந்தவர் இல்லை.

அளக்க முடியும். மெரரின் சுருள்கள் பிழைத்ததற்குக் காரணம் ஒன்றே: வேலை முடிந்து போனவர்கள் குகைவாயைப் பெருங்கற்களால் அடைத்தபோது அவையும் கற்களுக்கிடையே அகப்பட்டுக்கொண்டன. ஊவாத் தோட்டங்களின் பழைய செக்ரோல் ஏடுகளும் பிறப்பு இறப்புப் பதிவுகளும், தொழிலாளரின் கழுத்தில் தொங்கிய தகரத் துண்டுகளும் இப்போது கறையானுக்கும் பழைய பேப்பர் வியாபாரிக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. யார் எந்த நாளில் முழுப் பேர் போட்டார்கள், யாருக்கு அரைப் பேர் விழுந்தது, யார் காய்ச்சலில் லயத்திலேயே கிடந்தார்கள் என்பதெல்லாம் அந்த ஏடுகளில் இருக்கிறது. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலோ, தோட்டத்து ஸ்டோரின் மூலையிலோ அப்படியொன்று கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியிலாவது படம் பிடித்து, பக்கத்துப் பாடசாலையின் வரலாற்று ஆசிரியரிடம் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.